வெள்ளம் கார் வரை வந்ததா, கார் வெள்ளம் வரை போனதா?

2024 அக்டோபர் நடுவில் சென்னைக்குச் சிவப்பு எச்சரிக்கை விடுக்கப்பட்டபோது, பெருமழை தொடங்கும் முன்பே வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரங்களில் கார்கள் வரிசையாக வந்து நின்றுவிட்டன. முந்தைய ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், முடிச்சூர் பகுதிகளில் வாகனங்கள் மூழ்கிக் கிடந்ததையும், பள்ளிக்கரணையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து கார்கள் மிதந்து, ஒன்றோடொன்று மோதிக்கொண்டே போன காணொளியையும் பார்த்தவர்கள் எடுத்த முடிவு அது. மேம்பாலத்தில் வண்டி நிறுத்துவது முறையா என்று சிலர் முகம் சுளித்தார்கள். காப்பீட்டுக் கணக்கு தெரிந்தவர்கள் அப்படிச் சுளித்திருக்க மாட்டார்கள்.

வீட்டு வாசலில் நிறுத்தியிருந்த காரை வெள்ளம் மூழ்கடித்தால், முழுக் காப்பீடு வைத்திருப்பவருக்கு இழப்பீடு கிடைப்பதில் பொதுவாகப் பெரிய சிக்கல் எழுவதில்லை. அதே காரை அதே தெருவில் முழங்கால் அளவுத் தண்ணீருக்குள் ஓட்டிச் சென்று, நடுவழியில் நின்றுபோய், மறுபடியும் 'செல்ஃப்' அடித்துப் பார்த்தவருக்கு, பழுதுச் செலவிலேயே பெரிய பகுதியான என்ஜின் செலவு கிடைக்காமல் போகக்கூடும். மழையும் ஒன்றுதான், பாலிசியும் ஒன்றுதான்; முடிவு மட்டும் வேறாகிறது. இந்த வேறுபாடு எங்கே தொடங்குகிறது என்று அறிய, தண்ணீர் காரை என்ன செய்கிறது என்பதையும் அதைப் பாலிசியின் வாசகம் எப்படிக் கூறுபோடுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஒரு டன் எடையும் ஒரு சாண் தண்ணீரும்

இவ்வளவு கனமான வண்டியைத் தண்ணீர் என்ன செய்துவிடும் என்ற நினைப்பில்தான் பெரும்பாலான விபத்துகள் தொடங்குகின்றன. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக நீராய்வுக்கூடத்தில் 2016இல் உண்மையான கார்களையே தண்ணீர்த் தொட்டியில் இறக்கிச் சோதித்தார்கள். ஒரு டன்னுக்குச் சற்றே கூடுதலான எடையுள்ள டொயோட்டா யாரிஸ், வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடும் 15 சென்டிமீட்டர் ஆழத் தண்ணீரிலேயே நகரத் தொடங்கியது, 60 செ.மீ. ஆழத்தில் முற்றிலும் மிதந்தது. இரண்டரை டன் எடையுள்ள நிசான் பேட்ரோல், பாறைகளிலும் ஆறுகளிலும் ஓட்டுவதற்கென்றே வாங்கப்படும் வண்டி, 45 செ.மீ. ஆழத்தில் நிலைகுலைந்தது, 95 செ.மீ.யில் மிதந்தது. வினாடிக்கு ஒரு மீட்டர் என்பது மனிதர் நிதானமாக நடக்கும் வேகத்தைவிடக் குறைவு என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

காரணம் மிதப்புவிசை. சிறிய கார் ஒன்றின் அடிப்பரப்பு ஏறத்தாழ 5 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், தண்ணீர் அடித்தட்டுக்கு மேல் 10 செ.மீ. உயரும்போது கார் அரை கன மீட்டர் நீரை விலக்குகிறது. அந்த நீரின் எடை 500 கிலோ. 900 கிலோ எடையுள்ள கார் அந்த நிலையில் சாலையை 400 கிலோவுக்கு உரிய அழுத்தத்தோடுதான் மிதிக்கிறது. பிரேக்கும் ஸ்டியரிங்கும் டயருக்கும் சாலைக்கும் உள்ள பிடிப்பை நம்பி வேலை செய்பவை. அந்தப் பிடிப்பில் பாதிக்கு மேல் போய்விட்ட பிறகு, பக்கவாட்டில் வரும் சிறிய ஓட்டமும் காரைச் சாலையிலிருந்து தள்ளிவிடும். தரைக்கும் அடித்தட்டுக்கும் உள்ள இடைவெளி 17 செ.மீ. என்றால், மேற்சொன்ன நிலைக்குத் தேவையான மொத்த ஆழம் 27 செ.மீ.தான். சாலையோரத்தில் நிற்பவருக்கு அது முழங்காலைக்கூட எட்டாத தண்ணீராகத் தெரியும்.

தேங்கி நிற்கும் தண்ணீர் ஓடும் தண்ணீரைவிடப் பாதுகாப்பானது என்பதும் பாதி உண்மைதான். சென்னையில் துரைசாமி சுரங்கப்பாதை, ரங்கராஜபுரம், அரங்கநாதன், மேட்லி, கணேசபுரம், வில்லிவாக்கம் என்று மழைக்கால அறிவிப்புகளில் ஆண்டுதோறும் தவறாமல் இடம்பெறும் பெயர்கள் பலவற்றில் தண்ணீர் ஓடுவதில்லை, தேங்குகிறது. ஆனால் சுரங்கப்பாதையில் மேலே தெரிவது சமதளமான நீர்ப்பரப்பு. அடியில் இருப்பதோ சரிவு. இருபதுக்கு ஒன்று என்ற சரிவில் கார் 10 மீட்டர் முன்னே போனால் ஆழம் அரை மீட்டர் கூடிவிடுகிறது. முதல் சில மீட்டர் சுலபமாகக் கடந்துவிடுவதால் ஓட்டுநருக்குத் துணிவும் கூடுகிறது. 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூரில் ரயில்வே சுரங்கப்பாதைத் தண்ணீரில் கார் சிக்கிப் பெண் மருத்துவர் ஒருவர் இறந்தார். 2023 மே மாதம் பெங்களூரு கே.ஆர். சர்க்கிள் சுரங்கப்பாதையில் இளம் மென்பொருள் ஊழியர் ஒருவரும், 2024 செப்டம்பரில் ஹரியாணாவின் ஃபரிதாபாத் ரயில்வே சுரங்கப்பாதையில் வங்கி ஊழியர்கள் இருவரும் அவ்வாறே உயிரிழந்தார்கள். இவற்றுள் எதுவும் ஆற்று வெள்ளம் அல்ல. எல்லாமே நகரத்திலும் ஊரிலும் அன்றாடம் கடக்கும் பாதைகள்.

கார் நின்றுபோன பிறகு கதவு ஏன் திறப்பதில்லை என்பதற்கும் கணக்கு உண்டு. கதவின் அடிவிளிம்புக்கு மேல் வெளியே 60 செ.மீ. தண்ணீர் நிற்கிறது, உள்ளே இன்னும் ஏறவில்லை என்றால், ஒரு மீட்டர் அகலமுள்ள கதவை நீர் ஏறத்தாழ 180 கிலோ எடைக்குச் சமமான விசையோடு உள்நோக்கி அழுத்துகிறது. கதவின் ஓரத்தில் கை வைத்துத் தள்ளுபவர் அதில் பாதியையாவது வெல்ல வேண்டும். இருக்கையில் உட்கார்ந்தபடி, பதற்றத்தில், 90 கிலோ. எனவே கதவோடு போராடுவதை விட்டுவிட்டு, மின்சாரம் இன்னும் வேலை செய்யும் முதல் நிமிடத்திலேயே பக்கக் கண்ணாடியை இறக்கி, இருக்கை வாரை அவிழ்த்து, ஜன்னல் வழியே வெளியேற வேண்டும். முன்கண்ணாடி இரு தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டப்பட்டது. அதை உடைக்க முயல்வது வீண். பெரும்பாலான கார்களில் பக்கக் கண்ணாடி உடையக்கூடியது. அதற்கும் கூர்முனைச் சுத்தியல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், டிக்கியில் அல்ல.

திறந்து கிடக்கும் பாதாளச் சாக்கடை மூடிகளையும், மழைநீர் வடிகாலுக்காகத் தோண்டி மூடாமல் விட்ட பள்ளங்களையும் சென்னைவாசிகளுக்கு விளக்கத் தேவையில்லை. தெரு முழுக்கத் தண்ணீர் நிற்கும்போது அவை எங்கே என்று யாருக்கும் தெரியாது என்பதோடு விடலாம்.

இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர்

உயிருக்கு ஆபத்து வருவதற்கு வெகு முன்பே என்ஜினுக்கு ஆபத்து வந்துவிடுகிறது. என்ஜின் காற்றை உள்ளிழுத்து, எரிபொருளோடு சேர்த்து, அழுத்தி, எரிக்கும் எந்திரம். காற்று அழுத்தினால் சுருங்கும், தண்ணீர் சுருங்காது. 1,200 சிசி கொள்ளளவும் நான்கு சிலிண்டர்களும் உள்ள பெட்ரோல் என்ஜினை எடுத்துக்கொள்வோம். ஒரு சிலிண்டரின் பங்கு 300 மில்லி லிட்டர். அழுத்த விகிதம் பத்துக்கு ஒன்று என்றால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது எஞ்சியிருக்கும் இடம் ஏறத்தாழ 33 மி.லி. அதற்கு மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் சிலிண்டருக்குள் இருந்தாலும் பிஸ்டன் பாதியில் முட்டிக்கொண்டு நிற்கிறது. டீசல் என்ஜினில் அழுத்த விகிதம் இன்னும் அதிகம் என்பதால் அந்த இடம் 20 மி.லி. அளவுக்குக் குறைந்துவிடுகிறது. இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் போதும்.

சுழன்றுகொண்டிருக்கும் என்ஜினில் பிஸ்டன் திடீரென முட்டி நிற்கும்போது, பிஸ்டனையும் கிராங்க் தண்டையும் இணைக்கும் கனெக்டிங் ராட் வளைகிறது. சில நேரம் உடைந்து என்ஜின் கட்டையையே துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது. இதைத்தான் காப்பீட்டு ஆவணங்களும் சர்வீஸ் சென்டர்களும் 'ஹைட்ரோஸ்டேடிக் லாக்' என்கின்றன. தண்ணீர் நுழையும் வழி பொதுவாகக் காற்று உறிஞ்சும் குழாய். அதன் வாய் பல கார்களில் முன்பக்க கிரில்லுக்குப் பின்னால், முகப்பு விளக்கின் உயரத்தை ஒட்டி இருக்கிறது. தேங்கிய தண்ணீர் அந்த உயரத்தை எட்ட வேண்டிய அவசியமில்லை. கார் தானே முன்னால் எழுப்பும் அலையும், எதிரே வேகமாகப் போகும் மாநகரப் பேருந்து எழுப்பும் அலையும் சேர்ந்து, பம்பர் அளவே இருக்கும் தண்ணீரை ஒரு நொடி பானட் மீது ஏற்றிவிடும். அந்த ஒரு நொடி போதுமானது.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், அணைந்து கிடக்கும் என்ஜினுக்குள் தண்ணீர் போனால் எதுவும் உடைவதில்லை. பிஸ்டன் அசையாமல் இருக்கும்வரை அது தண்ணீர் புகுந்த இரும்புப் பெட்டி, அவ்வளவுதான். மெக்கானிக் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, தண்ணீரை வெளியேற்றி, ஆயிலையும் ஃபில்டர்களையும் மாற்றி, கையால் மெதுவாகச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பல என்ஜின்களை மீட்டுவிட முடியும். மூழ்கிய காரில் சாவியைத் திருப்புவதோ ஸ்டார்ட் பொத்தானை அழுத்துவதோதான் மீட்கக்கூடிய என்ஜினை மாற்ற வேண்டிய என்ஜினாக ஆக்குகிறது. வெள்ளம் வடிந்த மறுநாள் காலையில் தெருத்தெருவாக இந்தச் சத்தம் கேட்கும்: வாசலுக்கு வந்தவுடன் எல்லோரும் முதலில் செய்வது, வண்டி ஸ்டார்ட் ஆகிறதா என்று பார்ப்பது. அண்டை வீட்டுக்காரரும் 'ஒரு தடவை அடிச்சுப் பாருங்க சார்' என்பார். அந்த ஒரு தடவைக்குத்தான் விலை அதிகம்.

மின்சாரக் காரில் இந்தச் சிக்கல் இல்லை. காற்று உறிஞ்சுவதற்கு என்ஜினே இல்லை. ஆனால் பேட்டரிப் பெட்டிகளுக்குச் சொல்லப்படும் ஐ.பி.67 தரம் ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் என்ற சோதனையைக் குறிக்கிறதே தவிர, முழுக் காருக்கும் இரவு முழுவதும் தண்ணீரில் நிற்க அனுமதி தருவதில்லை. அதுவும் மிதக்கும்.

பாலிசி எங்கே கோடு போடுகிறது

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 146ஆவது பிரிவு கட்டாயமாக்குவது மூன்றாம் நபர் காப்பீட்டை மட்டுமே. உங்கள் காரால் பிறருக்கு நேரும் இழப்பை அது ஈடுசெய்யும். உங்கள் கார் மூழ்கினால் ஒரு ரூபாயும் தராது. சொந்தச் சேதத்துக்கான காப்பீடு, அதாவது 'ஓன் டேமேஜ்', தனி. இரண்டும் சேர்ந்ததைத்தான் பேச்சுவழக்கில் 'ஃபுல் இன்சூரன்ஸ்' என்கிறோம். 2018 செப்டம்பர் முதல் புதிய கார்களுக்கு மூன்று ஆண்டு மூன்றாம் நபர் காப்பீட்டை விற்பனையின்போதே எடுத்தாக வேண்டும் என்ற நடைமுறை வந்தது. நல்ல நோக்கமுள்ள அந்த விதியால் எதிர்பாராத ஒரு விளைவும் உண்டு. கார் வாங்கியபோது கொடுத்த பாலிசித் தாளில் மூன்று ஆண்டு என்று போட்டிருப்பதைப் பார்த்து, எல்லாமே மூன்று ஆண்டுக்கு இருக்கிறது என்று நினைத்துவிடுகிறார்கள். ஓராண்டிலேயே முடிந்துபோகும் ஓன் டேமேஜ் பகுதியைப் புதுப்பிக்காமல் விடுகிறார்கள். தாளில் இரண்டு வெவ்வேறு முடிவுத் தேதிகள் அச்சிடப்பட்டிருக்கும். இரண்டையும் பார்க்க வேண்டும்.

ஓன் டேமேஜ் பகுதி இன்றும் அடிப்படையில் 2002ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் கட்டண விதித்தொகுப்பு வகுத்த வாசகங்களையே பின்பற்றுகிறது. தீ, திருட்டு, கலவரம், நிலநடுக்கம் ஆகியவற்றோடு வெள்ளம், புயல், சூறாவளி, நீர்ப்பெருக்கு, ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு ஆகியவையும் பெயர் சொல்லி அதில் சேர்க்கப்பட்டிருக்கின்றன. ஆகவே வெள்ளத்துக்கு இழப்பீடு உண்டா என்ற கேள்விக்கு விடை, ஐயமில்லாமல், உண்டு. இருக்கை, தரைவிரிப்பு, வயரிங், மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள், ஏர்பேக் அமைப்பு, டேஷ்போர்டு, கழுவிச் சுத்தம் செய்யும் செலவு எல்லாமே இதில் அடங்கும். இன்றைய கார்களில் மின்னணுப் பெட்டிகள் இருக்கைக்கு அடியிலும் நடுக் கன்சோலுக்கு அடியிலும் இருப்பதால், தண்ணீர் இருக்கை மட்டத்துக்கு வந்தாலே செலவு லட்சங்களுக்குப் போய்விடுகிறது.

ஆனால் அதே பகுதியின் விலக்குப் பட்டியலில், பின்விளைவு இழப்பு, தேய்மானம், இயந்திர அல்லது மின் கோளாறு ஆகியவற்றுக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்ற வரியும் இருக்கிறது. நிபந்தனைகள் பகுதியில் இன்னொன்று: விபத்தோ பழுதோ ஏற்பட்ட பிறகு மேலும் சேதம் வராமல் தக்க முன்னெச்சரிக்கை எடுக்க வேண்டும், தேவையான பழுது நீக்கப்படும் முன் வண்டியை ஓட்டினால், அதனால் கூடும் சேதம் முழுவதும் உரிமையாளரின் பொறுப்பு. வெள்ளக் காலத் தகராறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு வரிகளைச் சுற்றியே நடக்கின்றன. நிறுவனத்தின் வாதம் இப்படி ஓடும்: தண்ணீர் உள்ளே வந்தது வெள்ளத்தால், ஒப்புக்கொள்கிறோம், ஆனால் ராட் வளைந்தது தண்ணீரால் அல்ல, தண்ணீர் இருக்கும்போது என்ஜினை ஓட்டியதால், ஆகவே அது வெள்ளத்தின் நேரடிச் சேதம் அல்ல, அதன் பின்விளைவு.

இந்த வாதம் பொறியியல்படி சரியானது என்பதை மேலே பார்த்தோம். வெள்ளம் வடிந்த பிறகு ஸ்டார்ட் செய்தவர் விஷயத்தில் அது நியாயமாகவும் படுகிறது. ஆனால் அலுவலகம் விட்டு வீட்டுக்குத் திரும்பும் வழியில், முன்னும் பின்னும் வாகனங்கள் நெருக்கி நிற்க, ஒரு மணி நேரத்துக்குள் தெருவே வாய்க்காலாகிப்போன நிலையில் சிக்கியவரிடம் போய், நீங்கள்தான் தண்ணீருக்குள் ஓட்டினீர்கள் என்று சொல்வது வேறு. வெள்ளத்தை ஆபத்து என்று பெயர் சொல்லிச் சேர்த்துக்கொண்டு, வெள்ளம் காருக்குச் செய்யும் சேதங்களிலேயே விலை அதிகமான ஒன்றை மட்டும் பின்விளைவு என்று வெளியே தள்ளுவது, வாங்குபவர் எதிர்பார்ப்புக்கு ஒத்துவராது என்பதே என் கருத்து. நுகர்வோர் ஆணையங்களிலும் இந்தக் கேள்விக்கு ஒரே விடை கிடைக்கவில்லை. சாலையில் தேங்கிய நீர் என்ஜினுக்குள் புகுந்ததே விபத்துதான் என்று வாகன உரிமையாளர் பக்கம் வந்த தீர்ப்புகளும் உண்டு, பாலிசியின் விலக்கை அப்படியே ஏற்ற தீர்ப்புகளும் உண்டு. காவல்துறை தடுப்பு வைத்து மூடிய சுரங்கப்பாதைக்குள் தடுப்பைத் தாண்டி ஓட்டிப் போனவரின் நிலை இவ்விரண்டிலும் பலவீனமானது. வாகனத்தைப் பாதுகாக்க நியாயமான நடவடிக்கைகள் எடுக்க வேண்டும் என்ற நிபந்தனை அவருக்கு எதிராக நிற்கும்.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் 'என்ஜின் புரொடெக்ட்' என்ற கூடுதல் பாதுகாப்பு விற்கப்படுகிறது. நீர் புகுந்ததால் என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் வரும் உள்சேதத்தை இது ஏற்கிறது. இதிலும் நிபந்தனைகள் உண்டு: தண்ணீர் புகுந்ததற்குச் சான்று வேண்டும்; தகவல் சொல்வதிலும் வண்டியை மீட்பதிலும் காட்டிய தாமதத்தால் கூடிய சேதத்தைப் பல நிறுவனங்கள் ஏற்பதில்லை; குறிப்பிட்ட வயதுக்கு மேற்பட்ட கார்களுக்கு இதை விற்பதும் இல்லை. இதையும் 'பம்பர் டு பம்பர்' எனப்படும் தேய்மானமில்லாக் காப்பீட்டையும் ஒன்றென்று பலர் நினைக்கிறார்கள். தேய்மானமில்லாக் காப்பீடு, ஏற்கப்பட்ட பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காமல் பணம் தரும். ஏற்கப்படாத என்ஜினை அது ஏற்க வைக்காது.

எவ்வளவு கிடைக்கும்

தேய்மானக் கழிவு எவ்வளவு என்பதை முன்கூட்டியே அறிந்திருப்பது, சர்வீஸ் சென்டரில் பில்லைப் பார்த்து அதிர்ச்சியடையாமல் இருக்க உதவும். ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்கள், டயர், பேட்டரி, ஏர்பேக் ஆகியவற்றுக்கு 50 விழுக்காடு கழிப்பார்கள். ஃபைபர் பாகங்களுக்கு 30. கண்ணாடிக்குக் கழிவு இல்லை. உலோகப் பாகங்களுக்குக் காரின் வயதைப் பொறுத்துக் கழிவு மாறும். மூன்று ஆண்டுகள் முடிந்து நான்காம் ஆண்டில் இருக்கும் காருக்கு 25 விழுக்காடு. இதற்கு மேல் 1,500 சிசி வரையிலான கார்களுக்கு 1,000 ரூபாயும் அதற்கு மேற்பட்டவற்றுக்கு 2,000 ரூபாயும் கட்டாயமாக உரிமையாளரின் பங்கு. வண்டியை இழுத்துச் செல்லும் செலவுக்கு அடிப்படை வாசகம் ஒதுக்கும் உச்சவரம்பு 1,500 ரூபாய். வெள்ள நேரத்தில் மீட்பு வண்டிக்காரர் கேட்கும் தொகை அதில் அடங்காது. சாலையோர உதவிச் சேவையைச் சேர்த்து எடுத்தவர்களுக்கு இங்கே பயன் உண்டு.

நன்றாக மூழ்கிய கார்களில் பலவும் பழுதுபார்க்கப்படுவதே இல்லை. மீட்கவும் பழுது நீக்கவும் ஆகும் செலவு, பாலிசியில் காரின் மதிப்பாகக் குறிக்கப்பட்ட ஐ.டி.வி. தொகையில் 75 விழுக்காட்டைத் தாண்டினால், அது முழு இழப்பாகக் கருதப்படும். எடுத்துக்காட்டாக, 8 லட்ச ரூபாய் விலையுள்ள கார் நான்காம் ஆண்டில் இருந்தால் 40 விழுக்காடு கழித்து ஐ.டி.வி. 4.80 லட்சம், பழுதுச் செலவு 3.60 லட்சத்தைத் தாண்டினால் முழு இழப்பு. பிரீமியத்தில் சில நூறு ரூபாய் குறையும் என்று புதுப்பிக்கும்போது ஐ.டி.வி.யைக் குறைத்துக்கொள்பவர்கள் அந்தச் சேமிப்பின் பலனை இந்த இடத்தில்தான் அனுபவிப்பார்கள். வாங்கிய விலையையே தரும் 'ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்' என்ற கூடுதல் பாதுகாப்பு முழு இழப்புக்கும் திருட்டுக்கும் மட்டுமே பொருந்தும்.

காருக்குள் இருந்த மடிக்கணினி, பை, பொருள்களுக்கு வாகனப் பாலிசியில் இடமில்லை. ஆனால் யாரும் நினைத்துப் பார்க்காத ஒரு பகுதி உண்டு. உரிமையாளரே ஓட்டும்போது நேரும் மரணத்துக்கு 15 லட்ச ரூபாய் தரும் தனிநபர் விபத்துக் காப்பீடு கட்டாயமாக எடுக்கப்படுகிறது. வெள்ளத்தில் சிக்கிய காருக்குள் மூழ்கி இறந்தவரின் குடும்பம் இதைக் கோரலாம். ஓட்டுநர் உரிமம் நடப்பில் இருக்க வேண்டும், வண்டி அவர் பெயரில் இருக்க வேண்டும். கார் போன துயரத்திலும் ஆள் போன துயரத்திலும் இந்தத் தாளை எடுத்துப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை.

சர்வேயர் என்ன பார்க்கிறார்

சேதத்தை மதிப்பிட நிறுவனம் அனுப்பும் சர்வேயர் முதலில் தேடுவது தண்ணீர்க் கோட்டை. கதவின் உட்பலகையிலும் இருக்கைத் துணியிலும் சேறு படிந்த விளிம்பு, தண்ணீர் எந்த உயரத்தில் எவ்வளவு நேரம் நின்றது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். அடுத்து ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பார்ப்பார். தாள் மடிப்புகள் ஈரத்தில் குழைந்து ஒட்டியிருந்தால் தண்ணீர் உறிஞ்சப்பட்டிருக்கிறது. ஆயில் குச்சியை உருவிப் பார்க்கும்போது, ஆயில் கறுப்பாக இல்லாமல் பால் தூக்கலாக ஊற்றிய டீயின் நிறத்தில் இருந்தால் தண்ணீர் அடித்தொட்டி வரை இறங்கியிருக்கிறது. என்ஜினைப் பிரித்த பிறகு வளைந்த ராட் கண்ணுக்குத் தெரிந்தால், என்ஜின் சுழன்றபோது தண்ணீர் உள்ளே இருந்தது என்பது உறுதியாகிவிடும். அதன் பிறகு 'நான் ஸ்டார்ட் செய்யவே இல்லை' என்ற கூற்று நிற்காது.

ஆகவே சான்றை உரிமையாளரும் சேர்த்துவைப்பது நல்லது. தண்ணீர் நிற்கும்போதே, பதிவெண்ணும் தெருவும் தெரியும்படி, நேரம் பதிவாகும் வகையில் படமும் காணொளியும் எடுக்க வேண்டும். பாதுகாப்பாக எட்ட முடிந்தால் பேட்டரி இணைப்பைக் கழற்றலாம். தண்ணீர் வடியாத நிலையில் மின்சாரக் காரையோ ஹைபிரிட் காரையோ தொடவே கூடாது. சாவியைத் திருப்பாமல், நிறுவனத்துக்குத் தகவல் தந்து கோரிக்கை எண்ணைப் பெற்ற பிறகே வண்டியை இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்ய வேண்டும். முன்சக்கரங்கள் இழுக்கும் ஆட்டோமேட்டிக் கார்களை முன்சக்கரம் தரையில் உருள இழுப்பது கியர்பாக்ஸைக் கெடுக்கும். தட்டையான மேடையுள்ள மீட்பு வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். பெருவெள்ளத்துக்குப் பின் சர்வேயர் வர நாள் ஆகும். அதற்குள் பூஞ்சை படரும், இணைப்பு முனைகளில் துரு ஏறும் என்பதால், படம் எடுத்துவிட்டுக் கதவுகளைத் திறந்து உலரவிடவும், ஈர விரிப்புகளை வெளியே எடுக்கவும் நிறுவனத்திடம் மின்னஞ்சலில் சொல்லிவிட்டுச் செய்யலாம். மேலும் சேதம் வராமல் தடுக்க வேண்டும் என்ற நிபந்தனை இந்த இடத்தில் உரிமையாளருக்குச் சாதகமாகவும் வேலை செய்கிறது.

சிறிய சேதத்துக்குக் கோரிக்கை வைப்பதா என்பது வேறு கணக்கு. கோரிக்கை வைக்காத ஆண்டுகளுக்காகக் கிடைக்கும் 'நோ க்ளெய்ம் போனஸ்' என்ற பிரீமியத் தள்ளுபடி 20 விழுக்காட்டில் தொடங்கி ஐந்து ஆண்டில் 50 விழுக்காடு வரை போகிறது. ஒரே கோரிக்கையில் அது போய்விடும். தரைவிரிப்பு நனைந்து கழுவிக் காயவைத்ததோடு முடிந்தால் கைப்பணத்தில் செய்துவிடுவது லாபமாக இருக்கலாம். ஆனால் வயரிங்கிலோ மின்னணுப் பெட்டியிலோ தண்ணீர் ஏறியிருந்தால், கோளாறு மாதங்கள் கழித்துத்தான் தலைகாட்டும் என்பதால், அந்தச் சிக்கனம் பொருந்தாது.

கோரிக்கை மறுக்கப்பட்டால், முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ('இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேன்') போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை, 50 லட்ச ரூபாய் வரையிலான இழப்பீட்டுக்கு அவர் ஆணையிடலாம். மறுப்புக் கடிதத்தில் எந்த விலக்கு வாசகத்தின்கீழ் மறுக்கப்பட்டது என்பதை எழுத்தில் கேட்டு வாங்குவதும், சர்வேயர் அறிக்கையின் படியைக் கேட்டு வாங்குவதும் அதற்கு முந்தைய வேலைகள். பின்விளைவு என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொண்ட மறுப்புகளை எதிர்த்து வாதிட, வெள்ளம் சூழ்ந்த நேரம், இடம், மாற்றுவழி இல்லாமை ஆகியவற்றைக் காட்டும் படங்கள்தான் உதவும்.

கூடுதல் பாதுகாப்புகளை மழை எச்சரிக்கை வந்த பிறகு சேர்க்க முடியாது. பொதுவாகப் பாலிசி எடுக்கும்போதோ புதுப்பிக்கும்போதோதான் சேர்க்க முடியும். ஓன் டேமேஜ் காலாவதியாகிவிட்டால் காரை ஆய்வு செய்த பிறகே புதிய பாலிசி தருவார்கள்; 90 நாள் கடந்தால் போனஸும் போய்விடும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. ஜனவரியில் புதுப்பிக்க வேண்டிய பாலிசியை வைத்திருப்பவருக்கு, அடுத்த மழைக்கான என்ஜின் காப்பீட்டைச் சேர்ப்பதா வேண்டாமா என்ற கேள்வி, தெருவில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லாத அந்த ஜனவரியில், முகவர் தொலைபேசியில் பிரீமியத் தொகையை வாசிக்கும்போதுதான் வரும்.